வினைக்குப் பின்னால் நிற்கும் காலம்

பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் மரணச் செய்தி எழுதுவதற்கென்று ஒரு நடை உண்டு. முதல் வாக்கியம் ‘தி ஆக்டர் ஹாஸ் டைட் அட் தி ஏஜ் ஆஃப் எய்ட்டி ஃபோர்’ என்று போகும். நடிகர் தமது 84ஆம் வயதில் காலமானார் என்று பொருள். இரண்டு வரி தள்ளி அதே மரணம் மறுபடியும் வரும்: ‘ஹி டைட் ஆன் டியூஸ்டே’. செவ்வாய்க்கிழமை காலமானார். இறந்தவர் ஒருவர், இறப்பும் ஒன்றுதான். ஆனால் கிழமை நுழைந்ததும் ‘ஹாஸ்’ காணாமல் போய்விட்டது. ‘ஹி ஹாஸ் டைட் ஆன் டியூஸ்டே’ என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் துணையாசிரியரும் அதை அப்படியே அச்சுக்கு விடமாட்டார்.

ஒரு கிழமைப் பெயருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் அட், ஆன், இன், ஃபார், சின்ஸ், அன்டில் போன்ற முன்னிடைச்சொற்களோடு வரும் காலத் தொடர்களை நம் பள்ளி இலக்கணம் ‘எப்போது?’ என்ற கேள்விக்கு விடையாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறது. எந்தச் சொல் எந்த இடத்தில் வரும் என்று ஒரு பட்டியல், கோடிட்ட இடத்தை நிரப்ப ஒரு பயிற்சி, அத்தோடு பாடம் முடிந்தது. உண்மையில் இந்தச் சிறு தொடர்கள்தான் இறந்தகால வினையின் பொருளைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா, ஆள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதையெல்லாம் வினைமுற்று தனியாக நின்று சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தத்துவவாதிகளும் மொழியியலாளர்களும் இந்த ஒரு சேர்க்கையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வகுப்பறைக்கு அதில் மிகக் கொஞ்சமே வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர் பாதி வழியில் திடுக்கிட்டு, ‘அடுப்பை அணைக்கவில்லை’ என்கிறார். இதே போன்ற ஓர் ஆங்கில வாக்கியத்தை வைத்து அமெரிக்க மொழியியலாளர் பார்பரா பார்ட்டி 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் காட்டிய சிக்கல் இது: அந்த வாக்கியத்துக்கு ‘வாழ்நாளில் ஒருமுறைகூட அடுப்பை அணைத்ததில்லை’ என்று பொருள் கொள்ள முடியாது. ‘கடந்த காலத்தில் ஏதோ ஒரு கணத்தில் அடுப்பை அணைக்காமல் இருந்தேன்’ என்றும் கொள்ள முடியாது. அது எல்லோருக்கும் எப்போதும் பொருந்துகிற வெற்று உண்மை. சொல்பவர் மனத்தில் இருப்பது ஒரு குறிப்பிட்ட நேரம், கிளம்புவதற்குச் சற்று முந்திய அந்தச் சில நிமிடங்கள். ‘அவன்’ என்று சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆங்கில இறந்தகாலமும் அப்படிப்பட்ட ஒரு சுட்டுதான் என்றார் பார்ட்டி. அது ஏதோ ஒரு நேரத்தைச் சுட்டுகிறது. எந்த நேரம் என்பதைச் சூழலோ காலத் தொடரோ நிரப்பித் தரவேண்டும். ‘ஹி கேம்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் ‘எப்போது?’ என்று காத்திருப்பது இதனால்தான். ‘அட் சிக்ஸ்’ என்று சேர்ந்ததும் சுட்டுக்குரிய நேரம் கிடைத்துவிடுகிறது.

இதற்கு அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. ஹான்ஸ் ரைஷன்பாக் ஜெர்மனியில் பிறந்த தத்துவவாதி. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இஸ்தான்புல்லுக்குப் போனார், பிறகு கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1947இல் வெளிவந்த அவருடைய தர்க்கவியல் நூலில் வினைமுற்றுகளைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. காலத்தைச் சொல்ல இரண்டு புள்ளிகள் போதாது, மூன்று வேண்டும் என்பது அவர் வாதம். பேசும் நேரம், நிகழ்ச்சி நடந்த நேரம், இவை இரண்டோடு நாம் எங்கே நின்று அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோம் என்ற நோக்கு நேரம். ‘ஹி லெஃப்ட்’ என்னும்போது நிகழ்ச்சியும் நோக்கும் இறந்தகாலத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. ‘ஹி ஹாஸ் லெஃப்ட்’ என்னும்போது நிகழ்ச்சி பின்னால் இருக்கிறது, பார்ப்பவர் இப்போது நிற்கிறார். ‘ஹி ஹாட் லெஃப்ட்’ என்பதில் மூன்றும் மூன்று இடத்தில்.

மூன்று புள்ளிகள் இருந்தால் ‘அட் சிக்ஸ்’ எந்தப் புள்ளியில் போய் ஒட்டும்? ‘தி கிளார்க் ஹாட் லெஃப்ட் அட் சிக்ஸ்’ என்ற வாக்கியத்தை ஒரு விசாரணை அதிகாரி படிப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தர் கிளம்பிய நேரமே ஆறு மணி என்று படிக்கலாம். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது எழுத்தர் ஏற்கெனவே போயிருந்தார், எப்போது போனாரோ தெரியாது, என்றும் படிக்கலாம். முதல் பொருளில் ஐந்தே முக்கால் மணிக்கு எழுத்தர் அலுவலகத்தில் இருந்தார். இரண்டாவது பொருளில் அவர் அப்போதே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு குற்ற வழக்கு இந்தக் கால் மணி நேரத்தில் நிற்கக்கூடும். தமிழில் ‘ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தார்’, ‘ஆறு மணிக்கெல்லாம் கிளம்பியிருந்தார்’ என்று ஓர் ‘எல்லாம்’ சேர்த்துப் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் பிரிப்பது இடம்தான். ‘அட் சிக்ஸ்’ஸைத் தூக்கி வாக்கியத்தின் முதலில் போட்டால் ‘ஆறு மணிக்குப் பார்த்தபோது’ என்ற இரண்டாவது பொருள் மேலோங்கும். வினைக்குப் பின்னால் நின்றால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. காலத் தொடர் வினைக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது வெறும் நடை சார்ந்த விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி மரணச் செய்திக்கு வரலாம். ‘ஹாஸ் டைட்’ ஏன் செவ்வாய்க்கிழமையை ஏற்பதில்லை? ஜெர்மன் மொழியியலாளர் வோல்ஃப்காங் கிளைன் 1992இல் இதற்குப் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்’ என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். புதிர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனில் ‘ஹாஸ்’ போன்ற துணைவினையோடு ‘நேற்றுப் பார்த்தேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம். பிரெஞ்சிலும் சொல்லலாம். இரண்டிலும் அந்த வடிவம் பேச்சு வழக்கில் சாதாரண இறந்தகாலமாகவே ஆகிவிட்டது. ஆங்கிலமோ மறுக்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் மறுப்பதில்லை என்பதுதான் இன்னும் வியப்பு. ‘ஹி ஹாஸ் லெஃப்ட் அட் சிக்ஸ்’ தவறு. ஆனால் ‘ஹி மே ஹாவ் லெஃப்ட் அட் சிக்ஸ்’, ஆறு மணிக்குக் கிளம்பியிருக்கலாம், முற்றிலும் சரி. ‘ஹி ஹாட் லெஃப்ட் அட் சிக்ஸ்’ சரி என்பதை மேலே பார்த்தோம். ஆக ‘ஹாவ்’ என்ற துணைவினைக்கும் காலத் தொடருக்கும் பகை ஒன்றும் இல்லை. அந்தத் துணைவினை நிகழ்கால வடிவத்தில் நிற்கும்போதுதான் தகராறு.

கிளைன் தந்த விடையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ‘ஹாஸ்’ என்ற நிகழ்கால வடிவம் பேச்சை ‘இப்போது’ என்ற ஒரு திட்டமான புள்ளியில் ஏற்கெனவே நிறுத்திவிடுகிறது. ‘அட் சிக்ஸ்’ நிகழ்ச்சியை இன்னொரு திட்டமான புள்ளியில் நிறுத்தப் பார்க்கிறது. ஒரே எளிய வாக்கியத்தில் இரண்டையும் திட்டமாக நிறுத்த ஆங்கிலம் இடம் தருவதில்லை. இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்துக்காட்டுகள் அதற்குச் சாதகமாகவே பேசுகின்றன. ‘ஐ ஹாவ் ஆஃபன் காட் அப் அட் ஃபைவ்’, பலமுறை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன், என்பது நல்ல ஆங்கிலம். இங்கே ஐந்து மணி என்பது காலண்டரில் ஒரு நாளின் ஒரு கணம் அல்ல, பல நாள்களில் திரும்பத் திரும்ப வரும் நேரம். திட்டமான புள்ளி இல்லாததால் மோதல் இல்லை. மரணச் செய்தியின் முதல் வாக்கியத்தில் ‘அட் தி ஏஜ் ஆஃப் எய்ட்டி ஃபோர்’ தப்பித்துக்கொள்வதற்கும் இதைப் போன்ற காரணமே இருக்க வேண்டும். அது அந்த மனிதரின் ஆயுளை அளக்கிறது. காலண்டரில் எந்த நாள் என்று அது சொல்வதில்லை.

‘ஐ ஹாவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ என்பது இன்னும் நுட்பமானது. காலை பத்து மணிக்குச் சொன்னால் சரி, மாலை நான்கு மணிக்குச் சொன்னால் தவறு. மாலையில் ‘ஐ சா ஹிம்’ என்று மாறவேண்டும். சொற்கள் அப்படியே இருக்க, கடிகாரம் நகர்ந்ததால் இலக்கணம் மாறுகிறது.

தமிழ் மாணவர்கள் ‘ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று எழுதுவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். ‘அவர் நேற்றே வந்திருக்கிறார்’ என்கிறோம். தமிழில் ‘-இருக்கிறது’ என்ற துணைவினைக்கு நேற்று, நேற்றிரவு, போன மாதம் எதனோடும் சண்டை இல்லை. கண்ணால் பார்க்காததை அடையாளங்களைக் கொண்டு ஊகித்துச் சொல்வதற்கே பல சமயம் அது பயன்படுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை ‘இட் ஹாஸ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் அது கவனக் குறைவு அல்ல. தன் மொழியின் ஒழுங்கை அது ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது. இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் இந்த விதி இருக்கிறது. விதி மட்டும் இருக்கிறது, தமிழிலிருந்து வரும் மாணவர் ஏன் இங்கே வழுக்குகிறார் என்பதற்கான விளக்கம் அதில் இல்லை.

காலத் தொடர் வினைக்குப் பின்னால் வருவது ஆங்கிலத்தின் பிறவிக் குணமும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் அரசர் காலத்தில் தொகுக்கத் தொடங்கி, ஒரு பிரதியில் 1154 வரை தொடர்ந்து எழுதப்பட்ட ஆங்கிலோ சாக்சன் குறிப்பேட்டில் பெரும்பாலான ஆண்டுக் குறிப்புகள் ‘ஹேர்’ என்ற சொல்லோடு தொடங்குகின்றன. ‘இங்கே’ என்று அதற்குப் பொருள். ஏட்டில் இந்த ஆண்டுக்கு உரிய இந்த இடத்தில், அதாவது இந்த ஆண்டில். காலச் சொல் முதலில் நின்றது. பழைய ஆங்கிலத்தில் காலச் சொல் முதலில் வந்தால் பல சமயம் அடுத்ததாக வினை வரும், அதற்குப் பிறகுதான் எழுவாய். ‘அப்போது வந்தான் அவன்’ என்ற அமைப்பு. ஜெர்மனும் டச்சும் இன்றுவரை வினையை இரண்டாம் இடத்தில் வைக்கும் அந்த ஒழுங்கை விடவில்லை.

அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்கு வேற்றுமை உருபுகளும் இருந்தன. ‘மூன்று நாள் தங்கினான்’ என்பதில் மூன்று நாள் இரண்டாம் வேற்றுமை வடிவில் நிற்கும், தனியாக ஃபார் தேவையில்லை. ‘இரவில்’ என்பதற்கு ‘நிஹ்டெஸ்’ என்று ஆறாம் வேற்றுமை போன்ற வடிவம். ‘ஹி வொர்க்ஸ் நைட்ஸ்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும்போது கடைசியில் ஒலிக்கும் ‘ஸ்’ அந்த உருபின் மிச்சம்தான். இன்று அது பன்மை விகுதி போலத் தோன்றுகிறது. முன்னிடைச்சொற்கள் அன்றும் இருந்தன. ஆனால் மொத்தச் சுமையும் அவற்றின் மேல் இல்லை. சொல்லிறுதி உயிர்கள் தேய்ந்து, உருபுகள் ஒன்றோடொன்று கலந்து, இடைக்கால ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் மறைந்தபோது, எழுவாய் எது செயப்படுபொருள் எது என்று காட்டச் சொல்லின் இடம் மட்டுமே மிஞ்சியது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகியது. காலத்தைச் சொல்லும் பொறுப்பு முன்னிடைச்சொற்களுக்கு வந்தது, அவை இயல்பாக நிற்கும் இடம் வாக்கியத்தின் கடைசி என்றானது.

பழைய நாள்களின் தடயங்கள் இன்றைய ஆங்கிலத்தில் பல இடங்களில் ஒளிந்திருக்கின்றன. ‘ட்வைஸ் எ டே’ என்பதில் உள்ள ‘எ’, ஒரு என்னும் பொருளில் தொடங்கியதல்ல. ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் தேய்ந்து அப்படி ஆனது. ‘டியூரிங்’ என்பது நீடித்தல் என்னும் பொருளுடைய, பிரெஞ்சு வழியாக வந்த வினையின் எச்சம். ‘போர் நீடிக்கையில்’ என்ற தொடரிலிருந்து பிரிந்து முன்னிடைச்சொல்லாக மாறியது. ‘அகோ’ என்பதும் ஒரு வினையெச்சத்தின் குறுக்கமே. ‘கழிந்த’, ‘போன’ என்று பொருள். ‘த்ரீ இயர்ஸ் அகோ’ என்றால் மூன்று ஆண்டு கழிந்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் அது தமிழ் ‘முன்’னைப் போல அளவுக்குப் பின்னால் நிற்கிறது.

அந்த ‘அகோ’வுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது எப்போதும் பேசும் நேரத்திலிருந்து பின்னோக்கி அளக்கும். வேறொரு நாளிலிருந்து அளக்க வேண்டுமானால் ‘பிஃபோர்’ வரவேண்டும். ‘நான் அவரை இரண்டு நாளுக்கு முன் பார்த்தேன்’ என்பதும், ‘அவர் இறப்பதற்கு இரண்டு நாளுக்கு முன் பார்த்தேன்’ என்பதும் தமிழில் ஒரே ‘முன்’. ‘ஐ மெட் ஹிம் டூ டேஸ் பிஃபோர்’ என்று நம்மவர் சொல்லும்போது ஆங்கிலேயர் ‘எதற்கு முன்?’ என்று மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். எதிர்த்திசையிலும் இப்படி ஒன்று உண்டு. ‘ஐ வில் கம் இன் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன். வினை இறந்தகாலமானால் இந்தப் பொருள் போய்விடும். ‘ஹி ஃபினிஷ்ட் இட் இன் அன் அவர்’ என்றால் வேலைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது என்றே அர்த்தம்.

அட், ஆன், இன் மூன்றும் இடத்தைக் குறிக்கும் சொற்கள். புள்ளி, பரப்பு, உள். அவையே மணிக்கும், கிழமைக்கும், மாதத்துக்கும் வந்தன. ஜெர்மன் மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மத் 1997இல் 53 மொழிகளின் காலத் தொடர்களை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இடத்துக்கான உருபைக் காலத்துக்கும் எடுத்துக்கொள்வது உலக மொழிகளில் பரவலாகக் காணும் வழக்கம் என்பதை அது காட்டியது. தொல்காப்பியரும் ‘கண்’ என்ற ஏழாம் வேற்றுமைக்கு வினை நிகழும் இடம், நிலம், காலம் ஆகிய மூன்றையும் ஒரே சூத்திரத்தில் பொருளாக வைத்தார். ஆனால் இடத்திலிருந்து வந்தது என்பதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கணித்துவிட முடியாது. ‘இன் தி மார்னிங்’, ஆனால் ‘அட் நைட்’. குறிப்பிட்ட ஒரு நாளின் காலை என்றால் ‘ஆன்’. ‘லாஸ்ட் மண்டே’ என்றால் ‘ஆன்’ வரவே கூடாது. தமிழிலும் இதே கதைதான். ஆறு மணிக்கு, மார்ச்சில், ஆனால் திங்கட்கிழமைக்கு உருபே வேண்டாம், ‘திங்கட்கிழமை வந்தார்’ போதும். அமெரிக்கரும் ‘ஹி டைட் மண்டே’ என்றே எழுதுகிறார்கள். குழப்பம் வராத இடத்தில் கிழமைக்கு முன் ‘ஆன்’ வேண்டாம் என்பது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேட்டு விதி. ‘தட் டே’ முன்னிடைச்சொல் இல்லாமல் நிற்கும், ‘தட் அக்கேஷன்’ நிற்காது. ஏன் என்று ரிச்சர்ட் லார்சன் 1985இல் ஒரு முழுக் கட்டுரை எழுதினார். நாள், மாதம், ஆண்டு போன்ற சில பெயர்ச்சொற்கள் உருபுக்குரிய வேலையைத் தாங்களே உள்ளே சுமக்கின்றன என்பது அவர் முடிவு.

இந்தத் தொடர்களின் உண்மையான ஆற்றலை எடுத்துக்காட்டியவர் ஸீனோ வெண்ட்லர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தத்துவவாதி. 1957இல் அவர் எழுதிய ‘வெர்ப்ஸ் அண்ட் டைம்ஸ்’ என்ற கட்டுரை வினைகளை நான்கு வகையாகப் பிரித்தது: நிலை, செயல், நிறைவேற்றம், எட்டுதல். பிரிப்பதற்கு இன்று எல்லோரும் பயன்படுத்தும் உரைகல் ஃபார், இன் என்ற இரண்டு முன்னிடைச்சொற்கள். ‘ஹி பெயின்டட் தி வால் ஃபார் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரம் சுவருக்குச் சாயம் அடித்தார், முடித்தாரா என்று தெரியாது. ‘இன் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரத்தில் அடித்து முடித்தார். வினைச்சொல் இரண்டிலும் ‘பெயின்டட்’தான். முடிந்ததும் முடியாததும் அதற்குப் பின்னால் வந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொல்லால் தீர்மானமாகிறது. தமிழில் ‘ஒரு மணி நேரம்’, ‘ஒரு மணி நேரத்தில்’ என்று ஓர் ‘இல்’ இதே வேலையைச் செய்வதைக் கவனிக்கலாம்.

வினை மட்டுமல்ல, அதன் செயப்படுபொருளும் இதில் பங்கு பெறுகிறது என்று 1972இல் டச்சு அறிஞர் ஹெங்க் வெர்கைல் காட்டினார். ஒரு மணி நேரம் மாம்பழம் சாப்பிடலாம், ஒரு மணி நேரத்தில் மூன்று மாம்பழம் சாப்பிடலாம். எண்ணிக்கை வந்ததும் செயலுக்கு எல்லை வந்துவிடுகிறது. ‘ரன்’ என்ற வினை தனியாக ஃபாருடன் சேரும். ‘ரன் டு தி ஸ்டேஷன்’ ஆனதும் இன்னைக் கேட்கும். இன்னும் ஒரு படி போனால், ‘ஹி வென்ட் டு மதுரை ஃபார் டூ டேஸ்’ என்ற வாக்கியம். இரண்டு நாள் பயணம் செய்தார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. போய்ச் சேர்ந்தபின் அங்கே இருக்க நினைத்தது இரண்டு நாள். ஃபார் இங்கே வினையை விட்டுவிட்டு வினையால் விளைந்த நிலையை அளக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது ஃபாருடன்தான். ‘ஷி லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் பத்து ஆண்டு வாழ்ந்தார், இப்போது அங்கே இல்லை. ‘ஷி ஹாஸ் லிவ்ட்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதே முதலில் தோன்றும் பொருள். இங்கே காலத் தொடர் மாறவில்லை, வினை மாறியது. ‘சின்ஸ்’ வந்தால் அந்தச் சுதந்திரமும் இல்லை. அது இன்றுவரை நீள்வதால் பெர்ஃபெக்ட்டைக் கட்டாயமாகக் கேட்கும். தமிழர் ‘பத்து வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் நிகழ்காலத்தில் சொல்கிறார்கள். ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்ற இந்திய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பவர்கள், இந்த விஷயத்தில் இம்மூன்று மொழிகளிலிருந்தும் விலகி நிற்பது ஆங்கிலம்தான் என்பதை அறிவது நல்லது.

இத்தகைய சிறு சொல்லின் எல்லையைச் சட்டமே வரையறுக்க வேண்டி வந்ததும் உண்டு. இந்தியாவின் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு காலக் கணக்கில் முதல் நாளை நீக்க ‘ஃப்ரம்’ என்ற சொல்லும், கடைசி நாளைச் சேர்க்க ‘டு’ என்ற சொல்லும் போதும் என்கிறது. கெடு முடிந்ததா இல்லையா என்ற வழக்குகளில் ஒரு நாள் எந்தப் பக்கம் விழும் என்பதை இந்த இரண்டு சொற்கள் முடிவு செய்கின்றன.

பல காலத் தொடர்கள் அடுத்தடுத்து வந்தால் எது முதலில்? ‘ஹி ஸ்வாம் இன் தி டாங்க் ஃபார் அன் அவர் எவ்ரி டே லாஸ்ட் இயர்’ என்ற வாக்கியத்தின் வரிசை: நீந்தினார், குளத்தில், ஒரு மணி நேரம், தினமும், சென்ற வருடம். இதைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பார்க்கலாம்: ‘சென்ற வருடம் தினமும் ஒரு மணி நேரம் குளத்தில் நீந்தினார்.’ ஒரு சொல் விடாமல் அப்படியே தலைகீழ். ஆங்கிலம் வினையை முன்னால் வைத்துக்கொண்டு சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது. தமிழ் பெரியதிலிருந்து இறங்கி வினையில் வந்து முடிகிறது. இரண்டிலும் வினைக்கு மிக அருகில் இருப்பது இடம், அடுத்து நேர அளவு, அப்புறம் எத்தனை முறை, எல்லாவற்றுக்கும் வெளியே ஆண்டு. வினையிலிருந்து உள்ள தூரம் இரண்டு மொழியிலும் ஒன்றே, திசைதான் வேறு. மாணவர்களுக்கு நூறு விதி சொல்வதைவிட இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது பயன் தரும்.

ஆனால் ‘விதம், இடம், காலம்’ என்ற பள்ளிச் சூத்திரத்தை இரும்பு விதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜான் ஹாக்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் எழுத்து ஆங்கிலத்திலிருந்து இரண்டிரண்டு முன்னிடைத் தொடர்கள் சேர்ந்துவரும் வாக்கியங்களை எடுத்துப் பார்த்தார். வரிசையைத் தீர்மானிப்பதில் இந்தச் சூத்திரத்தைவிடத் தொடரின் நீளமும், எந்தத் தொடர் வினையோடு பொருளால் இறுக ஒட்டியிருக்கிறது என்பதுமே வலிமையாக இருந்தன. குட்டையான தொடர் முன்னால், நீண்டது பின்னால். ‘ஆன் மண்டே’ இரண்டே சொல், அதனால் பல சமயம் நீளமான இடத் தொடரைத் தாண்டி வினைக்கு அருகே வந்துவிடுகிறது.

பத்திரிகையாளர்களுக்கு இதில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. ‘தி மினிஸ்டர் செட் ஆன் மண்டே தி டாக்ஸ் வுட் பி கட்’ என்ற தலைப்புச் செய்தியில் அமைச்சர் திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை வரி குறையும் என்று சொன்னாரா? கிழமைக்குப் பின்னால் ‘தட்’ என்ற சொல்லை வைத்தால் முதல் பொருள், முன்னால் வைத்தால் இரண்டாவது. இறந்தகால வினை ஒன்றும் இன்னொரு வினையும் உள்ள வாக்கியத்தில், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காலத் தொடர் எந்தப் பக்கமும் சாயலாம். தமிழிலும் ‘வரி குறைக்கப்படும் என்று அமைச்சர் திங்கட்கிழமை கூறினார்’ என்று எழுதினால் தெளிவு, ‘திங்கட்கிழமை வரி குறைக்கப்படும் என்று அமைச்சர் கூறினார்’ என்றால் வேறு செய்தி. மொழிபெயர்ப்பு மேசையில் அவசரத்தில் இந்த இரண்டும் இடம் மாறுவது எளிது.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வினைமுற்று அட்டவணையை ஒரு வாரமும், முன்னிடைச்சொல் பட்டியலை இன்னொரு வாரமும் தனித்தனியாக நடத்த வேண்டாம். ‘லிவ்ட் ஃபார் டென் இயர்ஸ்’, ‘ஹாஸ் லிவ்ட் சின்ஸ்’, ‘டைட் ஆன்’, ‘லெஃப்ட் த்ரீ இயர்ஸ் அகோ’ என்று வினையையும் அதன் பின்வரும் காலத் தொடரையும் சேர்த்தே கொடுங்கள். பக்கத்திலேயே தமிழ் வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ தமிழில் ஏன் சரி, ஆங்கிலத்தில் ஏன் சரியில்லை என்று பத்து நிமிடம் பேசினாலே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும்.